ஐந்தாவது பெல்ட்

மாக்கிறட் அக்கா மட்டும் அந்த வாங்கில் இருக்கக்கூடாது என்று துப்பறிவாளர் அமிர்தநாயகம் வழிநெடுக நேர்ந்துகொண்டு வந்தார். அந்தோனியார் அந்த மன்றாட்டைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. மன்னார்ப் பொலிஸ் நிலையத்து விறாந்தையில், சுவரோடு போட்டிருந்த வாங்குப் பலகையின் ஒரு நுனியில், மடியில் சோற்றுப் பார்சலோடு அவர் இருந்தார். மீன் பொரியலின் மணம் படி வரைக்கும் வந்தது.

அமிர்தநாயகம் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. கழற்றினால் முகம் தெரியும்.

"சேர், அதைப் போட்டுக்கொண்டு உள்ளுக்குப் போனால் பாங்க் கொள்ளைக்காரன் எண்டு பிடிச்சு வைப்பாங்கள்," என்றாள் றொசானா, ஸ்கூட்டியை நிறுத்தியபடி. "பிறகு உங்களை வெளியில எடுக்க நான்தான் துப்பறிய வேணும்."

றொசானா இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் பிறந்து வளர்ந்து ஊர் திரும்பியவள். அவள் வாயில் இரண்டு கரைத் தமிழும் இருந்தது. கோபம் வந்தால் அந்தக் கரை, பகிடி வந்தால் இந்தக் கரை. அமிர்தநாயகம் இன்சூரன்ஸ் கம்பனியில் விபத்துகளை மதிப்பிட்டு ஓய்வு பெற்றவர். பஸாரில் மருந்துக்கடைக்கு மேலே ஓர் அறை எடுத்துத் துப்பறியத் தொடங்கியபோது, உதவிக்கென்று வந்தவள் இவள். ஸ்கூட்டியும் இவளுடையதுதான். ஒரு இளம்பெண்ணுக்குப் பின்னால் குந்தியிருந்து போவது அவருக்குக் கூச்சம். தெரிந்தவர்களைக் கண்டால் சட்டென்று இறங்கிவிடலாம் என்று தலைக்கவசத்தின் நாடிப் பட்டியைப் பூட்டாமல் தொங்கவிட்டிருப்பார்.

வாசலில் லொறிக்காரர் அப்துல் ஹமீட் மறித்தார். "ஐயா, என்ட லொறிக் கண்ணாடி வெடிச்சுப்போச்சு. இன்சூரன்ஸ்காரன் குடுப்பானோ?"

"படம் எடுத்து வையும். கழற்றிப்போடாதையும்," என்று சொன்ன அமிர்தநாயகம், சொல்லி முடிக்கும்போது நாலடி கடந்துவிட்டார்.

"ஒருநாளைக்கெண்டாலும் நிண்டு பதில் சொல்லுங்கோவன் சேர்," என்றாள் றொசானா. "கோயில் வாசலிலயும் இதே ஓட்டம்தான். கேக்கிற சனத்துக்கு உங்கட முதுகுதான் பழக்கம்."

அவர் சிரிக்கவில்லை. வாங்கைக் கடக்க வேண்டியிருந்தது.

மாக்கிறட் நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று அமிர்தநாயகம் எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட ஒரு கணம் ஆசைப்பட்டார்.

"தம்பி, காலமை சாப்பிட்டியளோ?" என்று கேட்டார் மாக்கிறட்.

"ஓம் அக்கா," என்றார் அவர். சாப்பிட்டிருக்கவில்லை.

உள்ளே இருந்த றெனால்ட், மாக்கிறட்டின் ஒரே மகன். அவனை நேற்று உள்ளே அனுப்பியவர் அமிர்தநாயகம்.

கதை இதுதான். பிரான்சிலிருந்து வந்த ஜோன்சன் கொழும்பில் ஒரு பழைய சிவப்புக் கார் வாங்கினான். முப்பது வருசத்துக்கு முன்னர் ஜப்பானில் செய்து இறக்குமதியான, இரண்டே இருக்கைகள் உள்ள, தட்டையான பந்தயக் கார். இந்தக் காலத்துக் கார்களைப் போல மோதினால் விரிகிற காற்றுப் பை அதில் கிடையாது. ஜோன்சன் விளையாட்டுப்பிள்ளை அல்ல. ரோட்டில் ஓடுகிற கார் ஆளைக் காப்பாற்ற வேண்டும் என்று, கூரைக்குக் கீழே இரும்புக் கூடு போட்டான், காலடியில் தீயணைப்பான் வைத்தான், உடம்பை அணைத்துப் பிடிக்கிற கதிரைகளும் தோளையும் இடுப்பையும் இறுக்குகிற சிவப்புப் பெல்ட்டுகளும் வாங்கினான். எல்லாவற்றையும் பூட்டிக் கொடுத்தவன் வங்காலையில் கராஜ் வைத்திருந்த றெனால்ட்.

ஜோன்சனுக்கும் ஊர்ப்பெண் ஜெனிஸ்ராவுக்கும் கலியாணம் பேசி, வங்காலைக் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கிற கலியாண அறிவித்தலில் முதல் ஓலை வாசித்தார்கள். அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை. அந்தப் பூசை முடிந்து இருவரும் மன்னாருக்குக் காரில் போகும்போது, பாலத்து ரோட்டில் கழுதைக் கூட்டமொன்று குறுக்கே வந்தது. ஜோன்சன் பிரேக்கை மிதித்தான். கார் இழுபட்டுப்போய்க் கரைக் கல்லில் மோதியது. அவன் கையில் ஒரு கீறலோடு இறங்கினான். ஜெனிஸ்ராவோ பெல்ட்டுக்குள்ளால் வழுக்கிக் கீழே போனாள். இடுப்பைப் பிடிக்க வேண்டிய பெல்ட் வயிற்றில் ஏறிவிட்டது. குடலில் காயம், ஒப்பரேஷன். உயிர் தப்பினாள். இன்னும் எழுந்து இருக்க முடியவில்லை.

அவளுடைய பெல்ட் ஏன் பிடிக்கவில்லை என்று கண்டுபிடிக்கச் சொல்லி ஜோன்சன் அமிர்தநாயகத்திடம் வந்தான். அந்த நேரம் பார்த்து றொசானா, தங்கைக்குப் பிள்ளை பிறந்ததென்று வவுனியாவுக்குப் போயிருந்தாள். அமிர்தநாயகம் தனியாகவே துப்பறிந்தார். ஜெனிஸ்ராவின் கதிரைக்கு அடியில், தரையோடு ஆணி முறுக்கிய சிவப்புப் பெல்ட்டின் அடிக்கட்டை ஒன்று கிடந்தது. மிச்சம் இல்லை. நுனி நெருப்பில் உருகியிருந்தது. கதிரையைத் தரையோடு பிடிக்கிற பெல்ட் என்று முடிவு கட்டினார். நெருப்பு எங்கே இருக்கும்? காஸ் வெல்டிங் வைத்திருக்கிற கராஜில். றெனால்ட் வீட்டார் முன்பு ஜெனிஸ்ராவைப் பெண் கேட்டு, இல்லையென்று பதில் வாங்கியவர்கள் என்பதும் ஊருக்கே தெரியும்.

கராஜுக்குப் போய், பொலிஸ், மாக்கிறட், செய்தி கேட்டு வந்த கன்னியாஸ்திரி, அயல்சனம் எல்லாருக்கும் முன்னால் கட்டையை நீட்டி, "இது என்ன பெல்ட்?" என்று கேட்டார். றெனால்டின் முகம் சிவந்தது. நிலத்தைப் பார்த்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. அது போதும் என்று நினைத்தார் அமிர்தநாயகம்.

நாளைக் காலையில் றெனால்டைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவார்கள். அதற்குமுன் அமிர்தநாயகம் எழுத்தில் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் வந்தார். வவுனியாவிலிருந்து திரும்பியிருந்த றொசானா வேறொன்றுக்காக வந்திருந்தாள்.

"எழுதுறதுக்கு முதல் காரை ஒருக்காப் பார்ப்பம் சேர். இவ்வளவு கதையும் கேட்டன். ஒரு இடம் மட்டும் செருப்புக்குள்ள கல் மாதிரிக் குத்துது."

பொலிஸ் நிலையத்தின் பின்வளவில், தார்ப்பாய்ப் படங்கு மூடிக் கார் நின்றது. மூக்கு நசுங்கியிருந்தது. இரும்புக் கூடு கொஞ்சமும் வளையவில்லை. றொசானா சாரதி பக்கக் கதவைத் திறந்து உள்ளே இறங்கினாள். ஏறினாள் என்று சொல்ல முடியாது. அவ்வளவு பள்ளம்.

"என்ன கதிரை இது! கிணத்துக்குள்ள விழுந்த மாதிரி. என்னை வெளியில எடுக்க வாளி கொண்டு வாங்கோ."

"விளையாடாதையும் பிள்ளை."

தோள் பெல்ட் இரண்டையும் இழுத்து வயிற்றுக்கு முன்னால் இருந்த வட்டப் பூட்டில் செருகினாள். இடுப்புப் பெல்ட் இரண்டையும் செருகினாள். நாலு. பிறகு குனிந்து, கதிரையின் முன்பக்கத்தில் இருந்த ஓட்டையால் வந்த இன்னொரு பெல்ட்டைக் கையில் எடுத்தாள்.

அமிர்தநாயகம் மதில் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சேர், மதில்ல என்ன எழுதிக் கிடக்கு?"

"ஒண்டுமில்லை."

"அப்ப இங்க பாருங்கோ. பார்க்கத்தான் வேணும். உங்களுக்கு ஜோன்சன் காசு குடுத்தது இதுக்குத்தான்."

அவர் திரும்பினார். காது சுட்டது. றொசானா சுரிதார் போட்டிருந்தாள். ஐந்தாவது பெல்ட் கீழிருந்து மேலே வந்து பூட்டில் 'டக்' என்று விழுந்தது. அவள் உடம்பைத் தளர்த்திக் கீழே வழுக்கப் பார்த்தாள். ஓர் அங்குலமும் அசையவில்லை.

"விளங்குதோ? இது பிடிக்கிறது கதிரையை இல்லை சேர். ஆளை."

கழற்றிக்கொண்டு வெளியே வந்து, மற்றப் பக்கம் போய் ஜெனிஸ்ராவின் கதிரையில் இறங்கினாள். அங்கே நாலு பெல்ட்தான். வட்டப் பூட்டின் ஐந்தாவது வாய் ஆவென்று கிடந்தது. றொசானா உடம்பைத் தளர்த்தினாள். சரசரவென்று கீழே போனாள். முழங்கால் முன்பலகையில் இடித்தது. இடுப்புப் பெல்ட் விலாவுக்கு ஏறிவிட்டது.

"ஐயோ! இவ்வளவுதான். ஒருத்தரும் பெல்ட்டைக் கெடுக்கத் தேவையில்லை. இது ஒண்டு இல்லாமல் போனால் போதும்."

அமிர்தநாயகம் கதவோரம் குனிந்தார். "அப்ப அந்தக் கட்டை... இந்த ஐஞ்சாவதின்ர அடி. ஆனால் நான் இந்தக் கதிரையைத் தடவிப் பார்த்தனான் பிள்ளை. இதில ஓட்டையே இல்லையே."

"இல்லைத்தான்." அவள் விரலால் கதிரையின் முன்பக்கத்தைத் தடவினாள். விரல் நின்றது. "இருந்தது. ஆரோ மூடியிருக்கினம்."

அது ஒரு சிவப்பு வெல்வெட் துண்டு. கதிரையின் அதே நிறம். விளிம்பை உள்ளே மடித்து, நூல் வெளியே தெரியாமல் கையால் தைத்திருந்தது. கண்ணை வைத்துப் பார்த்தாலும் தெரியாது. விரலுக்குத்தான் தெரிந்தது.

றொசானா நிமிர்ந்தாள். முகத்தில் பகிடி இல்லை.

"கொலைகாரன் அறுப்பான் சேர். தைப்பானோ?"

அமிர்தநாயகம் தையலை விரலால் தடவிப் பார்த்தார்.

"நுனியை உருக்கி விட்டதும் வெல்டிங் இல்லை. நூல் பிரியாமல் இருக்க மெழுகுதிரியில காட்டியிருக்கினம். சட்டைக்கு நாடா வெட்டினால் நாங்களும் அப்பிடித்தான் செய்வம். இன்னொண்டு. முதல் ஓலை வாசிச்ச அண்டைக்குக் கோயில் வாசலில இந்த ஐஞ்சாவது பெல்ட் இருந்தது. முழு ஊரும் பார்த்தது."

"நான் பார்க்கேல்லை."

"நீங்கள் மணிக்கூண்டைப் பார்த்துக்கொண்டு நிண்டனீங்கள்."

உண்மைதான். அந்தக் காட்சி அமிர்தநாயகத்துக்கு ஓரக்கண்ணில் மட்டும் இருந்தது. பூசை முடிந்த சனம் வாசல் நிறைய. ஜெனிஸ்ரா சேலையில், பூ வைத்து, காருக்குள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஜோன்சன் முழங்காலில் நின்று பெல்ட் பூட்டுகிறான். சேலையை ஒதுக்க வேண்டியிருக்கிறது. மதிலோரம் நின்ற இளந்தாரிகள் விசில் அடிக்கிறார்கள். அமிர்தநாயகம் மணிக்கூண்டில் நேரம் பார்க்கிறார். பிறகு வேகமாக நடக்கிறார்.

றொசானா தொலைபேசியில் ஜோன்சனைப் பிடித்து ஒலியைக் கூட்டிவிட்டாள். அவன் ஆஸ்பத்திரியில் இருந்தான்.

"ஜோன்சன், ரெண்டாம் ஓலையண்டு ஜெனிஸ்ரா அஞ்சு பெல்ட்டும் போட்டவவோ?"

"ஓம், போட்டவ."

"கண்டனீங்களோ?"

"முதல்நாள் பெடியள் விசில் அடிச்சதில அவ அழுதிட்டா அக்கா. அதால, நீரே போடும் எண்டு சொல்லிப்போட்டு மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தனான். 'டக்' எண்டு சத்தம் கேட்டது."

"எத்தினை 'டக்'?"

"எண்ணேல்லை அக்கா," என்றான் அவன்.

"சரி, அந்தக் கிழமை கார் எங்க நிண்டது?"

"எங்கட ஒழுங்கை மணல். கார் புதையும். பாங்க் அலுவலா நான் கொழும்புக்குப் போனதால கராஜுக்கும் குடுக்கேல்லை. மாமி வீட்டு வளவுக்குள்ளதான் நிண்டது."

மாமி என்றால் ஜெனிஸ்ராவின் தாய் புஸ்பம். வங்காலையில் பாதிப் பிள்ளைகளின் கோயிலில் முதல் நன்மை வாங்கும்போது போடுகிற சட்டையைத் தைத்தவர்.

கம்பிக்குப் பின்னால் நின்ற றெனால்டிடம் அமிர்தநாயகம் ஒரே கேள்விதான் கேட்டார். "நேற்று ஏன் சொல்லேல்லை தம்பி?"

றெனால்ட் மறுபடியும் நிலத்தைப் பார்த்தான். "அம்மா நிண்டவ. சிஸ்டர் நிண்டவ. அந்தப் பெல்ட் எங்கால போறது எண்டு... அதுவும் ஜெனிஸ்ரான்ர பெயரைச் சொல்லி, அத்தினை சனத்துக்கு முன்னால... என்னெண்டு ஐயா சொல்லுறது? ஏற்கெனவே விசில் அடிச்சவங்கள். பிறகு பொலிசுக்குத் தனியச் சொன்னனான். இப்பதான் கதை கட்டுறாய் எண்டு சொல்லிப்போட்டினம்."

வெட்கத்தைக் குற்றம் என்று வாசித்த மனிதர் கம்பியைப் பிடித்தபடி நின்றார். இருபத்தைந்து வருசம் விபத்து பார்த்த கண்.

இன்ஸ்பெக்டர் சீவரத்தினம் கதையைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "ஐயா, நேற்று நீங்கள் ஒரு கதை சொன்னியள். இண்டைக்கு வேற கதை. நான் எதை எழுதுறது? அறுத்த ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. இல்லாட்டி நாளைக்கு இவர் கோர்ட்டுக்குத்தான்."

பாலத்து ரோட்டில் சோளகக் காற்று ஸ்கூட்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல். கரைக் கல்லில் சிவப்புப் பெயின்ற் ஒட்டியிருந்தது. கொஞ்சம் தள்ளிக் கழுதைகள், ஒன்றும் நடக்காததுபோல, பிளாஸ்ரிக் பை தின்றுகொண்டு நின்றன.

"முக்கிய சாட்சிகள் நிக்கினம் சேர். வாக்குமூலம் எடுப்பமோ?"

வெல்வெட் துண்டு அமிர்தநாயகத்தின் சட்டைப் பைக்குள் இருந்தது. அதைப் பிரிக்கும்போது வேண்டுமென்றே முரட்டுத்தனமாகப் பிய்த்திருந்தார். ஒரு மூலையில் நூல் கிளம்பித் தொங்கியது.

புஸ்பத்தின் வீட்டில் தையல் மெசின் மூடிக் கிடந்தது. மெசினுக்கு மேலே, பாதி தைத்த வெள்ளைக் கலியாணச் சட்டையை ஒரு பழைய படுக்கை விரிப்பால் போர்த்தியிருந்தார்கள். புஸ்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கஞ்சியைப் போத்தலில் ஊற்றிக்கொண்டிருந்தார். பாதி மேசையில் சிந்தியது.

"இருங்கோ ஐயா. இரு பிள்ளை." கதிரை இழுத்துப் போட்டார். "றெனால்டைக் கோர்ட்டுக்குக் கொண்டு போகினமாம்?"

"நாளைக்கு," என்றார் அமிர்தநாயகம்.

புஸ்பம் போத்தல் மூடியைத் தேடினார். மூடி அவருடைய கையிலேயே இருந்தது.

"தங்கச்சி, காரில இருந்த பெல்ட் ஒண்டைப் பற்றி..."

"எனக்குக் கார் பெல்ட் ஒண்டும் தெரியாது ஐயா. நான் அதுக்குக் கிட்டவும் போறேல்லை."

அமிர்தநாயகம் றொசானாவைப் பார்த்தார். நீர் கேளும் என்று கண்ணால் சொன்னார். றொசானா சுவரில் இருந்த இருதயநாதர் படத்தைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினாள்.

அவர் வெல்வெட் துண்டை எடுத்து மேசையில் வைத்தார்.

புஸ்பம் அதைப் பார்த்தார். முதலில் முகம் வெளிறியது. அடுத்த நொடி கை தானாகவே நீண்டு, துண்டை எடுத்து, தொங்கிய நூலை விரலில் சுற்றி, விளிம்பைத் தடவியது.

"ஆர் இதை இப்பிடிப் பிய்ச்சது? நூலைப் பிரிச்செல்லோ எடுக்கோணும்! துணி கிழிஞ்சு போ..."

வசனம் பாதியில் நின்றது. துண்டு அவர் கையில் இருந்தது. கை எங்கே வைப்பதென்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது.

வெளியே ஐஸ் வியாபாரியின் மணி கேட்டுக் கடந்துபோனது.

"நான்தான்," என்றார் புஸ்பம்.

பிறகு எல்லாம் வந்தது. கோயில் வாசல். விசில். அன்று பின்னேரம் கிணற்றடியில் இரண்டு பெண்கள் தன்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தியது. ஜெனிஸ்ரா அறைக்குள் படுத்து, அந்தக் காரில் இனி ஏறமாட்டேன் என்று அழுதது. ஏறாவிட்டால் ஜோன்சன் வீட்டார் என்ன நினைப்பார்கள் என்ற பயம்.

"இன்னும் ரெண்டு ஓலை கிடந்தது ஐயா. அடுத்த ஞாயிறும் அதே வாசல், அதே சனம். என்ரை பிள்ளை சேலையோட அப்பிடி இருக்க... என்னால ஏலாமல் போச்சு. அந்த ஒண்டை மட்டும் வெட்டினன். நுனியை மெழுகுதிரியில காட்டினன். ஓட்டை தெரிஞ்சால் ஆரும் கேப்பினம் எண்டு மூடித் தைச்சன். மற்ற நாலும் இருக்குத்தானே எண்டு நினைச்சன்."

"ஜெனிஸ்ராவுக்குத் தெரியுமோ?" என்று கேட்டாள் றொசானா.

"காரில ஏறினாப் பிறகுதான் கண்டவ. என்னைப் பார்த்துச் சிரிச்சவ." புஸ்பம் சேலைத் தலைப்பால் வாயை மூடினார். "ஆஸ்பத்திரியிலயும் வாய் திறக்கேல்லை. அம்மாவைக் காட்டிக் குடுக்கக்கூடாதாம்."

அமிர்தநாயகம் மெல்லச் சொன்னார்: "ஆரிட்டயாவது ஒரு சொல் கேட்டிருக்கலாமே தங்கச்சி. வெட்டுறதுக்கு முதல்."

புஸ்பம் தலைப்பை எடுத்தார். அவரை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. குழப்பம்தான் இருந்தது.

"கேட்டனான்தானே ஐயா."

"ஆரிட்ட?"

"உங்களிட்டத்தான்."

றொசானாவின் தலை படத்திலிருந்து திரும்பியது.

"அண்டைக்குப் பூசை முடிஞ்சு நீங்கள் போகேக்கை பின்னால ஓடி வந்தனான். 'ஐயா, ஒரு காருக்கு நாலு பெல்ட் காணும்தானே?' எண்டு கேட்டனான். நீங்கள் திரும்பேல்லை. 'தாராளம் தங்கச்சி, எங்கட காலத்தில ஒண்டே இல்லை' எண்டு சொல்லிக்கொண்டு போனியள். நீங்கள் இன்சூரன்ஸில இருந்த ஆள். உங்களுக்குத் தெரியாததோ?"

அவருக்கு நினைவு வந்தது. குரல் நினைவு வந்தது. ஓரக்கண்ணில் பட்ட, முக்காடு போட்ட யாரோ ஒருத்தி. கார், பெல்ட் என்ற சொற்கள் காதில் விழுந்ததுமே, அந்தப் பேச்சு எங்கே போகுமோ என்று கால்கள் வேகமெடுத்தது நினைவு வந்தது. நின்று, திரும்பி, எந்தப் பெல்ட் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அந்தப் பிள்ளை இன்று இந்த மெசினடியில் நின்று சட்டை அளவு பார்த்துக்கொண்டிருப்பாள்.

"றெனால்டைப் பிடிச்சாப் பிறகாவது சொல்லியிருக்கலாமே அக்கா," என்றாள் றொசானா. அவள் குரல் வழக்கத்துக்கு மாறாக இறங்கியிருந்தது.

"இவரே வந்து, கதிரையைப் பிடிக்கிற பெல்ட், றெனால்ட் அறுத்தது எண்டு சொன்னார் பிள்ளை. அப்ப நான் வெட்டினதால இல்லையாக்கும் எண்டு நினைச்சன். இல்லை, நினைக்க ஆசையாக் கிடந்தது." புஸ்பம் கஞ்சிப் போத்தலைப் பார்த்தார். "ராத்திரி முழுக்க மாக்கிறட் அக்கான்ர முகம் வந்தது. எழும்பி இருந்திட்டன்."

இந்த வீட்டுக்கு வெளியே இது யாருக்கும் தெரியாது என்ற நினைப்பு அமிர்தநாயகத்துக்கு வந்தது. புஸ்பத்தின் பெயரை மட்டும் எழுதலாம். கோயில் வாசலில் முதுகைக் காட்டிச் சொன்ன ஒரு வசனத்தை எந்த இன்ஸ்பெக்டரும் கேட்கப்போவதில்லை. அந்த நினைப்பு அவருக்குள் கொஞ்ச நேரம் வசதியாகக் குந்தியிருந்தது. றொசானா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கோ தங்கச்சி," என்று எழுந்தார். "கஞ்சியையும் எடுத்துக்கொண்டு வாங்கோ. போற வழியில ஆஸ்பத்திரியில குடுப்பம். பிறகு பொலிசுக்குப் போவம். முதல் நான் கதைக்கிறன். அதுக்குப் பிறகு நீங்கள்."

"அத்தினை சனத்துக்கு முன்னாலயோ ஐயா?"

"நான் அத்தினை சனத்துக்கு முன்னாலதான் றெனால்டைக் காட்டினனான்."

புஸ்பம் ஓட்டோவில் வந்தார். அமிர்தநாயகம் ஸ்கூட்டியில். வழியில் றொசானா ஒரே ஒருமுறை வாயைத் திறந்தாள்.

"சேர், நானும் அண்டைக்கு விசில் சத்தத்துக்குச் சிரிச்சனான்."

அமிர்தநாயகம் கரைக் கல்லில் இருந்த சிவப்பைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பொலிஸ் நிலைய விறாந்தையில் மத்தியானச் சனம் நின்றது. அடையாள அட்டை தொலைத்தவர்கள், வலை களவு போனவர்கள், வெறுமனே பார்க்க வந்தவர்கள். மாக்கிறட் அதே வாங்கில். பார்சல் ஆறியிருந்தது. அமிர்தநாயகம் படியிலேயே தலைக்கவசத்தைக் கழற்றினார். இன்ஸ்பெக்டர் அறைக்குள் கூப்பிட்டார். அவர் போகவில்லை.

"இங்கயே சொல்லுறன் சேர். இங்க நிக்கிற ஆக்களுக்கும் கேக்கட்டும்." தொண்டையைச் செருமினார். "றெனால்ட் ஒண்டையும் அறுக்கேல்லை. அறுபட்டது கதிரையைப் பிடிக்கிற பெல்ட்டும் இல்லை. அது..."

நாக்கு நின்றது. எத்தனையோ கண்கள். ஒரு நொடி அவர் பார்வை சுவர் மணிக்கூட்டுக்குப் போனது. திருப்பிக் கொண்டுவந்தார்.

"அது கால் ரெண்டுக்கும் நடுவால வந்து பூட்டுற பெல்ட். ஆள் வழுக்கிக் கீழ போகாமல் பிடிக்கிறது அதுதான். சேலையோட அதைப் போட்ட பிள்ளையைப் பார்த்து நாங்கள் விசில் அடிச்சம், சிரிச்சம், சிலபேர் மற்றப் பக்கம் பார்த்தம். பெத்த தாய்க்குத் தாங்கேல்லை. வெட்டுறதுக்கு முதல் அவ ஒரு ஆளிட்டக் கேட்டவ. அந்த ஆள் நிண்டு கேக்காமல், நாலு காணும் எண்டு சொல்லிப்போட்டுப் போட்டான். பிறகு அவனே வந்து றெனால்ட் எண்டு கை காட்டினவன். வாக்குமூலத்தில முதல் என்ரை பெயரை எழுதுங்கோ."

பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரிக்கத் தொடங்கினான். றொசானா திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

மாக்கிறட் எழுந்து வந்தார். அமிர்தநாயகத்துக்கு முன்னால் நின்றார்.

"இதைச் சொல்ல வெக்கப்பட்டோ என்ரை பிள்ளை உள்ளுக்குக் கிடந்தவன்?"

"அவர் வெக்கப்பட்டது மரியாதைக்கு அக்கா," என்றார் அமிர்தநாயகம். "நான் வெக்கப்பட்டதுக்குத்தான் அவர் உள்ளுக்குக் கிடந்தவர்."

மாக்கிறட் அவரை நெடுநேரம் பார்த்தார். மன்னித்தார் என்று சொல்ல முடியாது. பார்சலைக் கையில் மாற்றிப் பிடித்துக்கொண்டு, புஸ்பம் நின்ற பக்கம் திரும்பினார். புஸ்பம் தலை குனிந்தார்.

"பிள்ளை கஞ்சி குடிச்சவளோ?" என்று கேட்டார் மாக்கிறட்.

புஸ்பத்தால் தலையை மட்டும்தான் ஆட்ட முடிந்தது.

இன்ஸ்பெக்டர் வாக்குமூலங்களை எழுதி முடிக்கப் பின்னேரமாகிவிட்டது. புஸ்பத்தின் மேல் வழக்கு வருமா என்பதைப் பிறகு பார்ப்போம் என்றார். றெனால்ட் வெளியே வந்தபோது, அமிர்தநாயகம் அவனுக்கென்று ஒரு நீண்ட மன்னிப்பைத் தயார்பண்ணி வைத்திருந்தார். றெனால்ட் அவரைக் கடந்து நேரே புஸ்பத்திடம் போனான்.

"மாமி, அவவுக்கு எழும்ப எவ்வளவு நாள் செல்லுமாம்?"

அமிர்தநாயகத்தின் மன்னிப்பு வாய்க்குள்ளேயே நின்றது. அது வேறொரு நாள், கராஜுக்குப் போய், பகலில், சனம் நிற்கும்போது சொல்ல வேண்டியது என்று அவருக்கு விளங்கியது.

ஸ்கூட்டியடியில் றொசானா காத்து நின்றாள். வழக்கமாக இந்த இடத்தில் ஒரு பகிடி வரும். வரவில்லை. அவர் தலைக்கவசத்தை மாட்டி, பின்னால் ஏறிக் குந்தி, நாடிப் பட்டியை இழுத்துப் பூட்டினார். 'டக்' என்றது. றொசானா கண்ணாடியில் பார்த்தாள். ஸ்கூட்டியை ஸ்ரார்ட் பண்ணினாள்.

"ஐயா! ஐயா!" வாசலில் அப்துல் ஹமீட் ஓடி வந்தார். கையில் தொலைபேசி. "படம் எடுத்திட்டன் ஐயா. இனி என்ன செய்ய?"

"பொறும் பிள்ளை," என்றார் அமிர்தநாயகம்.

பட்டியைக் கழற்றினார். இறங்கினார். திரும்பி நின்று, லொறிக்காரரின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"எந்தக் கண்ணாடி தம்பி? எப்பிடி வெடிச்சது? ஆறுதலா, முதல்ல இருந்து சொல்லும்."

றொசானா எஞ்சினை நிறுத்தினாள்.